காவல் எங்கே நிற்க வேண்டும்?

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. கண்டி தலதா மாளிகை வாயிலில் வெடிமருந்து நிரப்பிய லொறி வெடித்தது. சுதந்திரப் பொன்விழாவுக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. இளவரசர் சார்ள்ஸ் பங்குபற்றவிருந்த அவ்விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகைக்கு முன்பாகச் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. மடவளையிலிருந்து பஸ்ஸில் செல்லும் நாங்கள் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருக்கப் பழகிக்கொண்டோம்.

அந்தக் காவலை நான் குறை கூறவில்லை. கோடிக்கணக்கானோர் போற்றும் தலம் அது. ஆனால், ஓரிடத்தில் நிறுத்தப்படும் காவலர் இன்னோரிடத்திலிருந்து எடுக்கப்பட்டவர் என்பதை 2018 மார்ச்சில்தான் உணர்ந்தேன்.

மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஊரடங்கு வந்தது, மறுநாள் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் 7ஆம் திகதி அக்குறணைப் பக்கம் தாக்கப்பட்டது. அந்த இரவுகளில் உறங்காதிருந்த உம்மா, "மகன், பொலிஸெல்லாம் எங்க?" என்று கேட்டார். நேற்று எரிந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் 2007இல் ஒரு கணினி முறைமை நடைமுறைக்கு வந்தது. மிலிந்த் தம்பே குழுவினர் உருவாக்கியது. தாக்க வருபவன் காவலை வேவு பார்த்தே வருவான் என்பது அதன் அடிப்படை. எல்லா வழிகளையும் எந்நேரமும் காக்க ஆட்கள் போதாது. எனவே முக்கியத்துவத்துக்கு ஏற்ப நிறையிட்டு, சோதனைச் சாவடிகளை முன்கூட்டி ஊகிக்க முடியாதவாறு மாற்றினார்கள்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்தது. இலக்குகளில் தேவாலயங்களும் இருந்தன. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்குச் சென்றவர்களைக் காக்க அது பயன்படவில்லை. அந்தத் தவறுக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணமும் ஆட்களும் குறைவென்பது உண்மைதான். அந்தக் குறைவை யார் தலையில் சுமத்துவது என்பது கணினி எடுக்கும் முடிவல்ல. மாளிகைக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் காவல் வேண்டும். பெயரில்லாத சிறு கடைத்தெருவும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். உம்மாவின் கேள்விக்கு அதன் பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடியும்.