எரிமலையின் மடியில்

மத்தியதரைக் கடலின் நடுவே, இத்தாலி நாட்டின் தென்கோடியை அடுத்து, முக்கோண வடிவில் விளங்குவது சிசிலித் தீவு. அக்கடலிலுள்ள தீவுகளுள் பரப்பால் பெரியது இதுவே. இத்தீவைக் காண வருவோருள் மாடமாளிகைகளில் தங்கிச் செல்வோர் உண்டு. கூடாரத்தை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோரும் உண்டு. மண்மேல் படுத்துறங்கும் பின்னவர்க்கே இத்தீவு தன் கதையைத் தெளிவாகக் கூறும்.

பெருநிலத்தினின்று வருவோர் மெசினா நீரிணையைக் கடத்தல் வேண்டும். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டரே. வண்டிகளையும் மக்களையும் கப்பல் சுமந்து செல்கின்றது. கரையேறியதும் முதலில் தோன்றும் மெசினா நகரம் 1908ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பாழாகி, மீண்டும் எழுந்ததாகும்.

அங்கிருந்து தெற்கே செல்லுங்கால் இடப்புறம் நீலக்கடல் உடன்வரும். குன்றின்மேல் அமைந்த தவோர்மினா என்னும் ஊரில் பழைய கிரேக்க அரங்கம் ஒன்று உளது. அதன் படிகளில் அமர்ந்து நோக்கினால் எட்னா எரிமலை காட்சியளிக்கும். ஏறத்தாழ 3,400 மீட்டர் உயர்ந்த அம்மலையின் முடியில் குளிர்காலத்தில் வெண்பனி படியும். அப்பனியினூடே புகையும் எழும். மலை சீறும் நாள்களில், இரவில் கூடாரத்தை விட்டு வெளிவருவோர் செந்தீ ஒழுகும் காட்சியைக் கண்டு திகைப்பர்.

இத்தகைய மலையின் அடிவாரத்தில் மக்கள் ஏன் வாழ்கின்றனர்? விடியற்காலையில் அதற்கு விடை கிடைக்கும். திராட்சைக் கொடிகளும் ஆரஞ்சு மரங்களும் எங்கும் செழித்து நிற்கும். மேற்குச் சரிவிலுள்ள பிரான்டே என்னும் ஊர் பிஸ்தாவுக்குப் பெயர் பெற்றது. எரிமலைக் குழம்பும் சாம்பலும் நெடுங்காலத்தில் சிதைந்து வளமான மண்ணாகின்றன. அழிக்கும் மலையே அன்னமும் இடுகின்றது!

மலையடியிலுள்ள கத்தானியா நகரம் பட்ட துன்பம் பெரிது. 1669ஆம் ஆண்டில் தீக்குழம்பு மதிலைக் கடந்து கடல்வரை சென்றது. கடலோரமாக நின்ற உர்சீனோ கோட்டை அதனால் கரையினின்று விலகி உள்நாட்டுக் கோட்டையாயிற்று. 24 ஆண்டுகள் கழித்து, 1693ஆம் ஆண்டில், கொடிய நிலநடுக்கம் நகரை வீழ்த்தியது. ஆயினும் மக்கள் அவ்விடத்தை விட்டு நீங்கினாரில்லை. ஆறிக் கறுத்த குழம்புக் கல்லையே வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினர், தெருக்களில் பரப்பினர். நகரின் சின்னமாகிய யானைச் சிலையும் அக்கருங்கல்லால் ஆனதே.

அதே நிலநடுக்கம் தெற்கிலுள்ள சிராக்கூசா நகரையும் தாக்கியது. ஆர்க்கிமிடீஸ் பிறந்த ஊர் அது. அங்குள்ள பெருங்கோயிலின் முகப்பு அப்போது இடிந்தது; ஆயினும் அதன் சுவர்களில் பொதிந்திருந்த பழைய கிரேக்கக் கோயிலின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

நோட்டோ என்னும் ஊரார் செய்ததோ வேறு. இடிந்த ஊரை விடுத்துச் சில கிலோமீட்டர் தொலைவில் தேன்நிறக் கல்லால் புதிய ஊரை அமைத்தனர். அவ்வூரும் அதனை ஒத்த பிற ஊர்களும் 2002ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன.

கூடாரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது பயணிக்கு ஒருநாழிகை வேலை. ஓர் ஊரையே பெயர்த்து நடுவது எத்துணை அரிய செயல்! கத்தானியா மக்கள் இருந்த இடத்திலேயே எழுந்தனர். நோட்டோ மக்கள் இடம் மாறி எழுந்தனர். வழிகள் இரண்டாயினும் ஊக்கம் ஒன்றே. இயற்கையின் சீற்றத்தைத் தடுக்க மனிதனால் இயலாது. வீழ்ந்தபின் எழுதல் அவன் கையில் உள்ளது.