வான்கோழியின் ஈரம்

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி விளையும் முருங்கன் வயல்கள் மார்கழி மாதத்திலே பச்சைபிடித்து நிற்கும். வடகீழ்ப் பருவமழையும் நத்தாரும் ஒருங்கே வரும் காலம் அது. அவ்வூர்க் கத்தோலிக்க வீடொன்றில், எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் நத்தார் விருந்துக்கென முற்றத்திலே வான்கோழி வளர்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஆயினும் அவர் சமைத்த பறவையின் நெஞ்சிறைச்சியை விரும்பி உண்டவர் எவருமிலர். உலர்ந்த நாரைப் போல அது பல்லிடையே சிக்கும். காலிறைச்சி முதலில் முடிந்துவிட, நெஞ்சிறைச்சி மறுநாட் குழம்புக்கென எஞ்சும்.

வான்கோழி நமது நாட்டுப் பறவையன்று. அமெரிக்கக் கண்டமே அதன் தாயகம். 1612 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வான்கோழியைக் கண்டு வியந்த மொகலாயப் பேரரசன் ஜகாங்கீர், அதனை ஓவியமாகத் தீட்டுவித்தான். ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை இட்டனர். துருக்கியரோ இந்தியாவின் பெயரை இட்டனர். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரை இட்டனர். இம்மூவரிடமும் தன் சொந்த மண்ணின் பெயரைப் பெறாத அப்பறவை முருங்கன் முற்றத்திலும் சிந்திய நெல்லைப் பொறுக்கித் திரிந்தது.

2023 ஆம் ஆண்டு நத்தாருக்கு ரொறன்ரோவிலிருந்து மகள் தன் சிறுவனுடன் வந்திருந்தாள். இம்முறை நெஞ்சிறைச்சியைத் தானே சமைப்பதாகக் கூறினாள். தாயார் மறுக்கவில்லை, ஆனால் குசினியை விட்டு அகலவுமில்லை.

பறவையின் கால்கள் நாள்முழுதும் நடந்து உழைப்பவை. அவற்றின் இணைப்பிழையங்கள் இளகுவதற்கு நெடுநேர வெப்பம் வேண்டும். நெஞ்சிலோ கொழுப்புங் குறைவு, உழைப்புங் குறைவு. வெப்பம் மிகும்போது அதன் தசைநார்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். காலுக்குரிய நேரம் நெஞ்சுக்குக் கேடாகின்றது. ஆதலின் மகள் நெஞ்சுப் பகுதியை எலும்புடன் தனியே பிரித்தெடுத்தாள். அது ஏறக்குறைய 2 கிலோ இருந்தது. 1 லீற்றர் நீருக்கு 50 கிராம் உப்பு என்ற அளவிற் கரைத்து, இரவு முழுவதும் அதில் அமிழ்த்திக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். உப்பு தசைப் புரதத்தைத் தளர்த்தி நீரைப் பிடித்துவைக்கச் செய்யும். காலையில் ஈரத்தைத் துடைத்து, பட்டருடன் உள்ளியும் மிளகுத்தூளும் குழைத்துத் தோலுக்கடியிற் பூசினாள்.

பறவையின் வயிற்றினுள் அடைக்கும் பூரணத்தைத் தாயாரே ஆயத்தஞ் செய்தார். முதல்நாட் பாணைத் துண்டாக்கி உலர்த்தி, வதக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, பொடியாக அரிந்த ஈரல், கஜு ஆகியவற்றைச் சேர்த்து, கழுத்தெலும்பு அவித்த சாற்றினால் நனைத்தார். மகள் அதனைத் தனித் தட்டிலே இட்டாள். உள்ளே அடைத்தாற் பூரணத்தின் நடுப்பகுதி சூடேறுமுன் இறைச்சி உலர்ந்துவிடும். இறைச்சியைக் காக்க முன்னரே எடுத்தாற் பூரணம் வேகாதிருந்து நோய் தரும் என்று விளக்கினாள். நோய் என்ற சொல்லைக் கேட்டதும் தாயார் உடன்பட்டார்.

180 பாகை செல்சியஸில் மின்போறணை ஒன்றரை மணிநேரம் எரிந்தது. வெப்பமானி 71 எனக் காட்டியபோது மகள் தட்டை வெளியே எடுத்தாள்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் பிள்ளை. வேகாததைத் திண்டால் வருத்தம் வரும்.”

அக்குரலின் பின்னே 1990 ஆம் ஆண்டு இருந்தது. போர் மூண்டு முருங்கனை விட்டு ஓடி, கொட்டிலொன்றில் ஒதுங்கியிருந்த நாட்களில் அவருடைய இளைய மகன் வயிற்றோட்டத்தால் இறந்தான். நீராயினும் உணவாயினும் மிஞ்ச வேகவைப்பதை அன்று தொடங்கியவர் ஊர் திரும்பிய பின்னரும் விடவில்லை. எதையும் முதலில் தாம் உண்டு, சிறிது பொறுத்த பின்னரே பிள்ளைகளுக்குப் பரிமாறுவார். காய்ந்த இறைச்சியைக் குறைகூறியவர்களில் மகளும் ஒருத்தி. தம்பி இறந்தபோது அவளுக்கு வயது ஐந்து.

அவள் வாதிடவில்லை. இறைச்சியை அலுமினியத் தாளால் மூடி, வெப்பமானியைத் தாயாரின் பக்கமாகத் திருப்பிவைத்தாள். “அடுப்பை விட்டு எடுத்தாலும் உள்ளுக்குச் சூடு ஏறும் அம்மா. எழுபத்து நாலுக்கு வந்தால் பயமில்லை. நீங்களே பாருங்கோ.”

தாயார் மூக்குக்கண்ணாடியை அணிந்து முன்னே அமர்ந்தார். எண் 72 ஆயிற்று, 73 ஆயிற்று. 74 வந்த பின்னரும் அவர் எழவில்லை. சிறிதுநேரம் அதனையே பார்த்திருந்தார். இருபது நிமிடம் கழிந்து கத்தியை வைத்தபோது சாறு வழிந்தோடாது இறைச்சியிலேயே தங்கிநின்றது. நார் எதிர்ப்புறமாக வெட்டிய துண்டுகள் வெண்மையாய், மென்மையாய் வந்தன.

மேசையிலே அனைவரும் வழக்கம்போல அவர் உண்பதற்காகக் காத்திருந்தனர். தாயார் முதலில் வெட்டிய துண்டை எடுத்தார். ஒரு கரண்டி பூரணமும் சேர்த்தார். தமது தட்டைத் தாண்டிக் கைநீட்டி, பேரனின் தட்டிலே வைத்தார்.

“சாப்பிடு ராசா. நான் பார்த்தனான், வெந்திட்டுது.”