மாதாமாதம் வரவேண்டிய பணம்

வகுப்பறை கட்ட வேண்டும் என்றால் எங்கள் ஊரில் பணம் புரண்டுவிடும். கழிப்பறை கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் என்றால் புரளாது. ஓய்வுபெற்றபின் சொந்த ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வேலைகளில் இறங்கியபோது இதைத்தான் முதலில் பார்த்தேன். இதற்கு விடை என்ன என்பதை நான் சின்ன வயதிலேயே தில்லியில் பார்த்திருக்கிறேன்.

நான் வளர்ந்தது கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில். பக்கத்து லட்சுமிபாய் நகரில் தமிழ்ப் பள்ளி. 1923-இல் மதராசி கல்விச் சங்கம் என்று தொடங்கியதுதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதி பாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, லட்சுமிபாய் நகர் என ஏழு பள்ளிகள். தில்லியில் உதவிபெறும் பள்ளிக்கு ஆகும் செலவில் அரசு 95 விழுக்காடு கொடுக்கும்; மீதி 5 விழுக்காடு நிர்வாகத்தின் பொறுப்பு. கேட்கச் சிறிய தொகைதான். ஆனால் ஒரு மாதம்கூட விடாமல் வரவேண்டிய தொகை.

அதற்காக, சம்பளம் வந்த வாரத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். "மாமா, இந்த மாசக் கணக்கு" என்பார். அப்பா மளிகைக்கு ஒதுக்குவதுபோல அதற்கும் ஒதுக்கி வைத்திருப்பார். ரசீது எழுதுகிற நேரத்தில் காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடம், ஒழுகுகிற கூரை எல்லாம் பேச்சில் வந்துவிடும். வாங்குகிறவர் பிள்ளையும் கொடுக்கிறவர் பிள்ளையும் அங்கேதான் படித்தார்கள்.

ஊரே பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் மணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. இன்று கல்விச் சீர் என்று மேளதாளத்தோடு பள்ளிக்குப் பொருள்களைத் தட்டில் எடுத்துப் போகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது என்றே நினைக்கிறேன். நானும் தட்டு ஏந்திப் போயிருக்கிறேன். ஊரே தெருவில் நிற்கும், மனசு நிறைந்துவிடும்.

அடுத்த ஆண்டே, அப்படிக் கொடுத்த குடிநீர் இயந்திரத்தின் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மின்கலம் செத்து, கணினிகள் துணிபோர்த்தி நின்றன. பள்ளி மானியம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, செலவோ வாராவாரம். வடிகட்டி, மின்கலம் இரண்டையும் நானே வாங்கித் தந்துவிடுகிறேன் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் எழுந்தார்.

"அண்ணே, நீங்க குடுத்துட்டுப் போயிருவீங்க. மறுபடி வடிகட்டி அடைச்சுக்கிட்டா எம்புள்ளதான் தண்ணியில்லாம நிக்கும். பத்து ரூவாயா இருந்தாலும் நாங்க குடுக்கணும். அப்பத்தான் கேக்க வாய் வரும்."

அன்றிலிருந்து பொருள் கேட்பதை நிறுத்திவிட்டோம். துப்புரவு, வடிகட்டி, மோட்டார் பழுது, பாய், துடைப்பம் என்று மாதச் செலவை எழுதிச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்தோம். தெருவுக்கு ஒருவர் வசூலிக்கிறார். வரவுசெலவு பள்ளிச் சுவரில் ஒட்டப்படுகிறது. கையெழுத்துப் போடுவது அந்தத் தாய்தான்.

ஆசிரியர் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. அது அரசின் கடமை. அதை ஊர் சுமந்தால் ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளிதான் மிஞ்சும்.

என் கவலை வேறு. கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்து அரசு நிறுவனமான என்.பி.சி.சி. அடுக்குமாடிகள் கட்டிவிட்டது. எங்களைப் போன்ற குடும்பங்கள் துவாரகா, நொய்டா, மயூர் விகார் என்று எப்போதோ சிதறிவிட்டன. கிராமத்திலோ காலையில் தனியார் பள்ளி வேன் வந்து பிள்ளைகளை அள்ளிப் போகிறது. பிள்ளை போன பிறகு பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை, சந்தா நின்றுவிடுகிறது. வெளியூரிலிருந்து பணம் அனுப்பலாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பார்க்க உள்ளூரில்தான் ஆள் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், தலைமையாசிரியரிடம் மாதச் செலவுப் பட்டியலைக் கேளுங்கள். அதில் ஒன்றில் ஒரு பங்கை ஏற்று, மாதாமாதம் பள்ளிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். மீதிப் பங்குகளைத் தெருக்காரர்களிடமே விட்டுவிடுங்கள்.