வெண்கலத்தில் நிமிர்ந்த தலை

பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் கிளம்பி, ஓஹையோ மாநிலத்தின் கான்டன் நகரை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. 1920-இல் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் இந்த ஊரில்தான், ஒரு கார் விற்பனைக் கூடத்தில் பிறந்தது. 1963 முதல் அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடமும் இங்கேதான். முட்டைவடிவப் பந்தைக் கூரையில் நட்டுவைத்ததுபோல் அது தூரத்திலிருந்தே தெரிந்தது.

உள்ளே மங்கிய வெளிச்சத்தில் வரிசை வரிசையாக வெண்கலத் தலைகள். நான் தேடி வந்தது மைக் வெப்ஸ்டரை.

அவர் சென்டர், பந்தின்மேல் குனிந்து நிற்பவர். ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் தொடுவது அவர் கை. கால்களுக்கிடையே அதைப் பின்னால் கொடுத்த அதே நொடியில், எதிரே பாய்பவரை முட்டி நிறுத்த வேண்டும். பந்து எங்கே போனதென்று பார்க்க அவருக்கு நேரமில்லை. கூட்டத்தின் கண்களோ பந்தோடு போய்விடும்.

விஸ்கான்சின் பண்ணையில் வளர்ந்த வெப்ஸ்டரை 1974-இல் புது வீரர்களுக்கான தேர்வில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தது. 15 பருவங்கள், 220 ஆட்டங்கள், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 4 வெற்றிகள். உறையும் குளிரிலும் கைகளை மூடாமல் ஆடினார். பிறகு கேன்சஸ் சிட்டியில் 2 பருவங்கள். 1997-இல் இந்தக் கூடத்தில் இடம் பெற்றார்.

2002-இல், 50 வயதில், அவர் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, சில இரவுகளைத் தன் வண்டியிலேயே கழித்திருந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் உடலை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. வெளிப்பார்வைக்கு மூளையில் குறையேதும் இல்லை. நுண்ணோக்கியின் கீழ்தான், ஓயாமல் முட்டியதன் தடம் புரதப் படிவுகளாகத் தெரிந்தது. அந்த ஆய்வு 2005-இல் வெளிவந்த பிறகு, தலைக்காயத்தைப் பற்றி அமெரிக்காவே பேசத் தொடங்கியது.

சிலையின் முன் ஒரு முதியவர் தன் பேரனுக்குக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்: கை இப்படி, முதுகு இப்படி. சிறுவனும் குனிந்தான். "தலையை நிமிர்த்து, கண்ணா," என்றார் தாத்தா.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். மைதானத்தில் யாரும் நின்று பார்க்காத முகம் அது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.