வடக்கே பனி, தாராவியில் புழுதி

மும்பையில் குளிரா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி பதிவானது என்றால் நம்பமாட்டார்கள்.

அந்தக் குளிர் இங்கே பிறப்பதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் இமயமலையில் பனியாகக் கொட்டுகின்றன. அவை நகர்ந்ததும் வறண்ட வாடைக்காற்று சமவெளியில் இறங்கி, குஜராத்தைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்கிறது. 2022 ஜனவரி முதல் வாரத்தில் பாகிஸ்தானின் மரீ மலையில் அப்படிக் கொட்டிய பனியில், வழியில் சிக்கிய கார்களுக்குள்ளேயே 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குழந்தைகளும் உண்டு.

இரண்டு வாரம் கழித்து அடுத்த தாழ்வு வந்தது. இது கராச்சிப் பக்கத்துப் புழுதியையும் வாரிக்கொண்டு அரபிக்கடலைக் கடந்து, ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை மும்பைமேல் இறங்கியது. உயரமான கட்டிடங்கள் மங்கிப்போயின. பகலிலும் வெப்பநிலை 24 டிகிரியை ஒட்டியே நின்றது.

செம்பூரில் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். தாராவியில் அப்பளம் போடும் அக்கா ஒருவரை அன்று சாயங்காலம் பார்த்தேன். கவிழ்த்த மூங்கில் கூடைமேல் அப்பளத்தைப் பரப்பிச் சந்து வெயிலில் காயவைப்பது அங்கே வழக்கம். கூடைகளெல்லாம் வீட்டுக்குள் அடுக்கிக் கிடந்தன. காலையில் காயவைத்ததில் ஒன்றை எடுத்துக் காட்டினார். வெளுத்த மாவின்மேல் பழுப்பாக ஒரு படலம். விரலால் தடவினால் நறநறத்தது.

“துடைச்சாப் போவாது தம்பி. ஈரத்துலயே ஒட்டிக்கிச்சு. இன்னிக்குக் கூலி போச்சு.”

கிலோ கணக்கில்தான் அவருக்குக் கூலி. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்திருந்தார். அப்படியும் உள்ளே படுத்திருந்த மாமியாருக்கு இருமல் நிற்கவில்லை. கொரோனாவுக்காக வாங்கிய முகக்கவசத்தைக் கிழவி அன்று கழற்றவே இல்லை.

பெருமழை என்றால் இந்த நகரமே உஷாராகிவிடுகிறது. பள்ளிக்கு விடுமுறை, ரயில் நிலவரம் என்று நிமிஷத்துக்கு ஒரு செய்தி. இந்தக் காற்றைப் பற்றி அந்தச் சந்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கடல்மேல் புழுதி வருவதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க முடிகிற காலம் இது. கொரோனா சமயத்தில் அதே சந்துகளில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்களே, அதுபோல முந்தின ராத்திரியே “நாளைக்குக் கூடையை வெளியே எடுக்காதீங்க” என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் ஒருநாள் உழைப்பாவது தப்பியிருக்கும்.