விசுவமடுவில் ஒரு முற்றம்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவு வரை ஒரே பாதை. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு நகர்ந்த பாதை இது. வாசகிகள் பலருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இப்போது வேலி முட்களில் காற்று மாட்டிவிட்ட சொப்பிங் பைகள்தான் கண்ணில் படுகின்றன.

விசுவமடுவில் ஓர் ஒழுங்கைக்குள் நான் போன வீட்டில் அதே பைகள் கழுவப்பட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த அக்கா கணவரைப் போரில் இழந்தவர். மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வாழ்வாதார உதவியாக ஒரு பசு கிடைத்ததாம். சில வருடங்களில் அது தீன் எடுக்காமல் வயிறு ஊதிச் செத்துப்போனது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பந்துபோலப் பொலித்தீன். "பிள்ளைகளின்ரை படிப்புச் செலவு அந்தப் பாலிலதான் ஓடினது" என்றார். அதன் பிறகுதான் பொறுக்கத் தொடங்கியிருக்கிறார்.

வேலை முற்றத்து மாமர நிழலில்தான் நடக்கிறது. வீட்டுக்குள் செய்ய அவர் விடுவதில்லை. பையின் கைபிடியையும் அடித் தையலையும் வெட்டி, நான்கு பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் எட்டு மடிப்பு. எழுத்து அச்சடித்த பக்கம் உள்ளே போகவேண்டும். இல்லாவிட்டால் மை உருகி ஒட்டும். மேலும் கீழும் கேக் போறணைக்குப் போடும் எண்ணெய்த்தாள். அதன்மேல் சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரிடத்திலும் நிறுத்தாமல் இழுக்கிறார். பொலித்தீன் ஏறக்குறைய 110 பாகை செல்சியசில் இளகும். கரிப்பெட்டியின் சூட்டை அளக்க முடியாதல்லவா? அதனால் முதலில் ஒரு துண்டில் தேய்த்துப் பார்க்கிறார். சுருங்கி ஓட்டை விழுந்தால் சூடு கூட. மடிப்புகள் பிரிந்தால் காணாது. புகை வந்தால் உடனே நிறுத்திவிடுகிறார். பிறகு மறுபக்கம் திருப்பித் தேய்த்து, ஆறும்வரை பலகையால் பாரம் வைக்கிறார். தோல் போன்ற தடித்த தகடு கிடைக்கிறது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கி விடுகிறார். மிதந்தால் எடுப்பார், தாழ்ந்தால் ஒதுக்குவார். பிவிசி தாழும். அதைச் சூடாக்கினால் வரும் ஆவி நெஞ்சுக்குக் கூடாது. குப்பையோடு போட்டு எரிப்பது இன்னும் மோசம், டயொக்சின் என்ற நஞ்சு வெளிவரும். எங்கள் வளவுகளில் பின்னேரம் தோறும் அதைத்தானே செய்கிறோம்!

டில்லியில் அனிதா அகுஜா என்பவர் 1998 இல் தொடங்கிய அமைப்பும் குப்பை பொறுக்குவோரிடம் பை வாங்கி, அழுத்தித் தகடாக்கிக் கைப்பைகள் செய்தது. அங்கே இயந்திரம் இருந்தது. இங்கே கால்மிதி தையல் மெசின்தான். தையலை நெருக்கிப் போட்டால் தகடு முத்திரைத் தாள்போலக் கிழிந்துவிடும் என்பதால் நீட்டித் தைக்கிறார்.

சந்தைப் பை ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சொப்பிங் பைகள் போகின்றன. புத்தக உறையும் இருக்கைப் பாயும் செய்கிறார். கூரைக்குப் போடலாமா என்று கேட்டேன். வெயிலில் நொறுங்கிவிடும் என்றார். "தறப்பாளுக்குக் கீழ இருந்தது காணும், தங்கச்சி" என்றுவிட்டு, பெட்டிக்குள் இன்னும் இரண்டு சிரட்டைக்கரி போட்டார்.