தரங்கம்பாடியில் ஒரு பகல்



தமிழ்நாட்டுக்குப் போய்வரும் நம் தோட்டத்து மக்கள் எங்கெங்கே போவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கியதும் சமயபுரம், ஸ்ரீரங்கம். பிறகு பழனி, மதுரை. சனி பகவானுக்கு வேண்டுதல் இருந்தால் திருநள்ளாறு. மாதா பக்தர்களுக்கு வேளாங்கண்ணி, முஸ்லிம் அன்பர்களுக்கு நாகூர். கையில் இருக்கும் பத்து நாளில் சொந்தபந்தங்களையும் பார்த்து, சேலையும் வாங்கி, பெட்டியின் எடையையும் சரிபார்ப்பதற்குள் விடுமுறை கரைந்துவிடும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். திருநள்ளாறு வரை போகிறவர்கள் இன்னும் அரை நாளை ஒதுக்கி வையுங்கள். காரைக்காலிலிருந்து வடக்கே, கடலை ஒட்டினாற்போல் பேருந்தில் அரைமணி நேரம் போனால் தரங்கம்பாடி வந்துவிடும்.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். அந்த ஊருக்கு என்னை அழைத்துப் போனவர், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டணத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு போதகர். பால்மரம் சீவியவரின் மகன். எங்கள் தோட்டப் பள்ளியில் எனக்கு ஒரு தலைமுறைக்கு முன் படித்தவர். எழுபத்தெட்டு வயது ஆகிறது. "சாவுறதுக்கு முன்ன அந்தக் கோயிலை ஒரு தடவை பாத்துடணும், வாத்தியாரே. பெட்டி தூக்க ஒரு ஆள் வேணும்" என்றார். பள்ளி விடுமுறையில் கிளம்பிவிட்டோம்.

ஊருக்குள் நுழைகையில் வெள்ளையடித்த பழைய நுழைவாயில் ஒன்று வரவேற்கிறது. 1792-ல் டென்மார்க்குக்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் நேரே கடலுக்குப் போகும் ராஜ வீதி. நம் நாட்டில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று படித்திருக்கிறோம். இந்த ஊரை ஆண்டவர்கள் டென்மார்க்குக்காரர்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டையைவிட எனக்குப் பிடித்தது கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியை அலை தின்றுவிட்டது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலை இந்த ஊரிலும் பல உயிர்களைக் கொண்டு போனது. அதைப் பற்றிக் கேட்டால் மீனவர்கள் கடலைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நாங்களும் மேலே கேட்கவில்லை.

போதகர் பார்க்க வந்த புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியிலேயே இருக்கிறது. பெயரில்தான் புதியது, பிரதிஷ்டை செய்தது 1718-ல். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை எழுத்தும் கிரீடமும் இருக்கின்றன. கட்டடம் சிலுவை வடிவம். நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. உள்ளே நல்ல குளிர்ச்சி. வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு அதுவே பெரிய உபசாரம். பீடத்தின் அருகே சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. தமிழ் அச்சுக்கும் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் பாடுபட்ட அதே ஜெர்மானியர்தான். 1705-ம் ஆண்டு நவம்பரில் கோபன்ஹேகன் நகரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தபோது வயது இருபத்து மூன்று. மறு ஆண்டு ஜூலை 9-ல் இங்கே கரை இறங்கினார். இந்த ஆலயத்தைக் கட்டி முடித்த நான்கே மாதத்தில், 1719 பிப்ரவரியில், இறந்து போனார்.

என்னுடன் வந்தவருக்கு அந்தக் கல்லறையைவிடப் பீடத்துக்கு முன் இருக்கும் வெறும் தரைதான் முக்கியமாக இருந்தது. அங்கே நெடுநேரம் நின்றார். 1733-ம் ஆண்டு டிசம்பர் 28-ம் நாள், கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து ஆரோன் என்று பெயர் பெற்ற ஒரு தமிழர் இந்த ஆலயத்தில்தான் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் புராட்டஸ்டண்டு சபையின் முதல் இந்தியக் குரு அவர்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கும் வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். அதுவரை சபையில் தமிழர்கள் உபதேசியார்களாகத்தான் இருந்தார்கள். ஊர் ஊராக நடப்பது, படிப்பிப்பது, நோயாளியைப் பார்ப்பது, வெயிலில் காய்வது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் திருமுழுக்குக் கொடுப்பதும், நற்கருணை என்னும் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக் கொடுப்பதும் குருவுக்கு மட்டுமே உரியது. அந்தக் குரு வெள்ளைக்காரராகத்தான் இருந்தார். தோட்டத்து வேலை முழுவதும் கங்காணியின் தலையில், கையெழுத்து மட்டும் துரையுடையது என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆரோனுக்குப் பட்டம் கொடுத்த அன்று அந்தக் கையெழுத்து முதன்முதலாக ஒரு தமிழரிடம் வந்தது. அதன்பின் அவர் மாயவரம் பக்கத்துச் சபைகளைக் கவனித்து, 1745-ல் காலமானார்.

ஆலயத்தின் பக்கத்தில் ஒரு மரத்தடியில் ஓய்வு பெற்ற உள்ளூர்ப் போதகர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை மக்கள் "ஐயர்" என்று அழைப்பதைக் கேட்டு முதலில் எனக்குத் திகைப்பு. நம் ஊரில் ஐயர் என்றால் கோயில் குருக்கள் அல்லவா! இங்கே லுத்தரன் சபைக் குருவுக்கும் அதே பெயர்தான். மலேசியாவிலிருந்து ஒரு போதகர் வந்திருக்கிறார் என்றதும் இரண்டு நாற்காலிகளும் தேநீரும் வந்துவிட்டன. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கூடினால் பயிற்சிக் கல்லூரிக் கதை பேசுவோம். அதுபோல இவர்கள் பட்டம் பெற்ற நாளைப் பேசத் தொடங்கினார்கள். நான் எதிர்பார்த்தது பெரிய பெரிய ஆன்மீக வார்த்தைகள். வந்தது வேறு.

மூத்தவர் சொன்னார்: "அன்னிக்கு நான் போட்டிருந்த அங்கி என்னுது இல்ல. ஒரு பெரிய ஐயரோட அங்கி. அவரு பனைமர ஒசரம். முழங்கால் போட்டுட்டு எழுந்திருக்கிறப்போ அதை மிதிச்சுத் தடுமாறிட்டேன். முன்வரிசையில இருந்த எங்கம்மா, 'சாமி, பாத்துடா, விழுந்துடாதே'ன்னு சத்தம் போட்டுடுச்சு. கோயில் பூராக் கேட்டுச்சு. அத்தியட்சரே சிரிச்சிட்டாரு." அறுபது ஆண்டு ஆகியும் அந்தக் குரல் காதில் இருப்பதாகச் சொன்னார். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட நினைவில்லையாம்.

மற்றவருக்கு நினைவில் இருப்பது கைகள். பட்டம் கொடுக்கும்போது முழங்காலிட்டிருப்பவரின் தலைமேல் அத்தியட்சரும் மற்றக் குருமாரும் ஒன்றாகக் கை வைத்து ஜெபிப்பார்கள். "ஏழெட்டுக் கை. தலை கனத்துப் போச்சு. அதுல ஒரு கை மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்ட ஐயர் கை. பக்கவாதம் வந்து படுத்திருந்தவரு, வண்டி வச்சு வந்திருந்தாரு. கேட்ட கேள்விக்கெல்லாம் என்ன பதில் சொன்னேன்னு தெரியாது, காகிதத்துல இருந்ததைச் சொல்லியிருப்பேன். அந்த நடுக்கம் மட்டும் இன்னும் இங்க இருக்கு" என்று உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு எங்கள் போதகரைக் கேட்டார்கள். அவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். பட்டணத்து ஆலயத்தில் மாலை ஆராதனை. தகப்பனார் அன்று காலையிலும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் போட்டுவிட்டு, மரம் சீவிப் பாலை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் பேருந்து ஏறினாராம். கிராணியிடம் இரவல் வாங்கிய சப்பாத்து. பழக்கமில்லாத காலில் அது கடித்துவிட, ஆலயத்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "குளிச்சிட்டுத்தான் வந்தாரு. ஆனாலும் கட்டிப் பிடிச்சப்போ பால் வாடை அடிச்சுது" என்றார். ரப்பர்ப் பாலின் வாடை எத்தனை சவர்க்காரத்துக்கும் போகாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் நான்தான் குறுக்கிட்டு, "ஆரோனுக்கு அடுத்து யார்?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி. மூத்தவர் சிறிது தயங்கினார்.

அடுத்தவர் தியோகு, 1741-ல். ஆனால் அப்போது இன்னொருவர் பெயரும் இருந்தது. ராஜநாயக்கன் என்பவர். தஞ்சை மன்னர் படையில் சேவகம் செய்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து இந்தச் சபைக்கு வந்தவர். தஞ்சைச் சீமையில் உபதேசியாராக இருந்து பல துன்பங்களைப் பட்டவர். உழைப்பிலும் உறுதியிலும் குறை சொல்ல முடியாதவர். அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர் என்பதால், அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினார்கள். ஆரோன் வேளாளர், அவருக்கு அந்தத் தடை எழவில்லை. ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே உழைத்து முடிந்தார். அந்நாளில் நாங்கள் பார்த்துவிட்டு வந்த அதே ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்களாம்.

கடல் தாண்டி வந்து, அரசனின் அனுமதியும் பெற்று, நூற்றுக்கணக்கான தடைகளைக் கடந்தவர்கள் இந்த ஒரு தடையின் முன்னே பின்வாங்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ராஜநாயக்கனிடம் அந்தச் சமாதானம் செல்லுமா? நம் பங்குக்கு நாமும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. கப்பலேறும்போதே சாதியைக் கடலில் வீசிவிட்டோம் என்று மேடையில் பேசுகிறோம். எந்த லயத்தில் யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்.

எங்கள் போதகர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். சற்றுமுன் சொன்ன கதையில் ஒரு பகுதியை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"ஆராதனை முடிஞ்சு எங்கப்பா என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'இந்தக் கையாலதான இனிமே குடுப்பே?'ன்னு கேட்டாரு. ஆமாப்பான்னேன். 'நீ குடுத்தா எல்லாரும் வாங்குவாங்களா?'ன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. வாழ்த்தக்கூட இல்ல."

முதல் சபையாக ஒரு தோட்டத்துச் சபையைக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நற்கருணை ஆராதனையில் எல்லோரும் வரிசையாக வந்து முழங்காலிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். ஊரில் மதிப்பானவர், சபைக்கு அள்ளிக் கொடுப்பவர். கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்வது போல உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிறிது நேரம் கணவரைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தனியாக எழுந்து வந்து முழங்காலிட்டார்.

"அந்தம்மாவுக்கு அப்பம் குடுக்கிறப்பத்தான், வாத்தியாரே, எனக்கு நெசமாவே பட்டம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. தலையில கை வச்சப்போ இல்ல."

மரத்தடியில் யாரும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்தப் பெரியவர் என்ன ஆனார், ஐயா?" என்றேன்.

"மறு மாசமும் வரல. மூணாவது மாசம் வந்தாரு. ஏன் வந்தாருன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. பின்னால நோயில படுத்தப்போ வீட்டுக்கே போய்க் குடுத்திருக்கேன். அடக்கம் பண்ணினதும் நான்தான்."

"உங்கப்பா?"

"ஒரு தடவை வந்து வரிசையில நின்னாரு. சப்பாத்து போடாமத்தான்."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. உள்ளூர்ப் பெரியவர்கள் இருவரும் ராஜ வீதி வரை கூடவே நடந்து வந்தார்கள். நம் நாட்டுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல; இந்தப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய லுத்தரன் குடும்பங்கள் அங்கே போயும் தங்கள் சபையை விடவில்லை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நீங்கள் பார்க்கும் சீயோன் ஆலயம் அந்த வழி வந்ததுதான் என்று எங்கள் போதகர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர்கள் ஒவ்வொரு தெருப் பெயராகக் கேட்டுக்கொண்டார்கள்.

போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்னே போய்விடுவது நல்லது. ஆராதனையையும் பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரும்படி மூத்த ஐயர் சொல்லி அனுப்பினார்.